கம்பளித் தொழிலைக் கற்றுக்கொடுக்கப் பணம் யார் போடுவது?

ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்ப்பவர் ஒரு லட்சம் டாலருக்குக் கம்பளி விற்றால், அதில் 1,500 டாலரை லெவியாக, அதாவது தொழிலின் பொதுச் செலவுக்கான கட்டாயப் பங்காக, பிடித்துக்கொள்வார்கள். 1.5 சதவீதம். அந்தப் பணம், கம்பளிக்காக ஆராய்ச்சியும் விளம்பரமும் செய்யும் ஆஸ்திரேலியன் வூல் இன்னொவேஷன் என்ற அமைப்புக்குப் போகிறது. ஆராய்ச்சிச் செலவுக்கு மத்திய அரசும் தன் பங்காக ஒரு தொகை தருகிறது. எத்தனை சதவீதம் பிடிக்கலாம் என்பதை வளர்ப்பவர்களே வூல்போல் என்ற வாக்கெடுப்பில் முடிவு செய்கிறார்கள். 2 சதவீதமாக இருந்ததை 2018-ல் 1.5 ஆக்கியதும் அவர்கள்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த லெவியில் ஒரு பங்கைப் பயிற்சிக்கும் படிப்புக்கும் என்று தனியாக எழுதி வைக்க வேண்டும். சந்தை நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. விளம்பரம், ஆராய்ச்சி எல்லாம் அதற்கு அப்புறம்.

நான் கோவையில் டெக்ஸ்டைல் படித்துவிட்டு விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங்குக்கு வந்தவன். ஒரு காலத்தில் கம்பளிக் கிடங்குகளும் மில்களும் நிறைந்திருந்த ஊர். பஞ்சு பழகிய எனக்குக் கம்பளியில் பெரிய ஆச்சரியம், இதன் தரம் எவ்வளவு தூரம் மனிதக் கையில் இருக்கிறது என்பதுதான்.

ரோமம் கத்தரிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினைத் தோலோடு ஒட்டி ஒரே வீச்சில் ஓட்ட வேண்டும். கை தயங்கினால் கொஞ்சம் ரோமம் மிச்சம் நிற்கும். அந்த இடத்தில் இரண்டாம் முறை ஓட்டும்போது விழுவது குட்டைத் துணுக்கு. அது மில்லில் இழைகளைச் சீவும் கோம்பிங்கின்போது கழிவாகப் போகும், அல்லது நூலில் முடிச்சாக நிற்கும். ஆட்டை உட்கார வைக்கும் விதமும், கால் வைக்கும் இடமும் தெரியாதவர் கையில் ஆடு திமிறும், தோல் கிழியும், கத்தரிப்பவரின் முதுகும் சில வருடங்களில் போய்விடும். இதற்கென்று வகுத்த முறைகள் உண்டு. 1950-களில் நியூசிலாந்தின் கம்பளி வாரியம் காட்ஃப்ரி போவன் என்ற தேர்ந்த கத்தரிப்பாளரைத் தலைமைப் பயிற்றுநராக அமர்த்தியது. அவரும் அவர் அண்ணன் ஐவனும் உருவாக்கிய முறை உலகமெங்கும் பரவியது. 1960-களில் ஆஸ்திரேலியர்கள் 'டாலி-ஹை' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். இரண்டுமே பொதுப்பணத்தில் ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுக்கப்பட்டவை.

கத்தரித்த ரோமத்தை மேசையில் விரித்து, ஓரத்தில் கறை பட்டதையும் முள் ஒட்டியதையும் பிய்த்து எடுப்பார்கள். தரம் பிரிப்பவர் நுண்மை, நீளம், நிறம், இழுவையைத் தாங்கும் வலு எல்லாம் பார்த்து எந்த வகையோடு சேர்ப்பது என்று முடிவு செய்வார். கம்பளியை அமுக்கிக் கட்டிய பொதியான பேல் மேல் அவருடைய பதிவு எண் அச்சாகும். எங்கோ சீனாவில் இருக்கும் மில் அதை நம்பித்தான் வாங்குகிறது. வெள்ளை ரோமத்தில் நாலு கறுப்பு மயிர் கலந்துவிட்டால் வெளிர் நிறத் துணிக்கு அந்த பேல் ஆகாது.

இதையெல்லாம் கற்றுக்கொடுக்க யார் பணம் போடுவது என்பதில்தான் சிக்கல். கத்தரிப்புக்குக் கூலி தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. கைதேர்ந்தவர் ஒரு நாளில் 150 ஆட்டைத் தாண்டுவார். புதியவர் அதில் பாதியைத் தொடவே மாதக்கணக்காகும். அதுவரை அவருக்கும் வருமானம் இல்லை, அவரை அழைத்து வந்த கான்ட்ராக்டருக்கும் நஷ்டம். கஷ்டப்பட்டு ஆள் தயாரானதும் அவர் பக்கத்து கான்ட்ராக்டரிடம் போகலாம். தனி ஆளாக எந்த கான்ட்ராக்டரும் இதற்குச் செலவு செய்ய மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எல்லோரும் சேர்ந்து போடும் பணம் மட்டுமே இதற்குச் சரிப்படும். கோவை மில்காரர்கள் 1956-லேயே இதைப் புரிந்துகொண்டு சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்துக்குச் சேர்ந்து பணம் போட்டார்கள்.

லெவி என்றாலே இங்கே வளர்ப்பவர்கள் முகம் சுளிப்பது எனக்குப் புரிகிறது. கம்பளிக்குக் குறைந்தபட்ச விலை என்று ஒன்றை நிர்ணயித்து, அதற்குக் கீழே போனால் வளர்ப்பவர்களின் லெவிப் பணத்தில் கம்பளிக் கழகமே வாங்கி அடுக்கிய திட்டம் 1991 பிப்ரவரியில் சரிந்தது. சுமார் 47 லட்சம் பேல் தேங்கியது. விற்க வழியில்லாமல் லட்சக்கணக்கான ஆடுகள் சுட்டுக் கொல்லப்பட்டன. அந்தக் கையிருப்பை விற்று முடிக்க 2001 வரை ஆனது. அந்தக் காலத்தைப் பார்த்த குடும்பங்கள் பொதுப்பணம் என்றால் சந்தேகப்படத்தான் செய்யும். ஆனால் அன்று பணத்தைத் தின்றது விலையைத் தூக்கி நிறுத்தும் ஆசை. அந்தக் கோபத்தைப் பயிற்சியின் மேல் காட்டுவது நியாயமில்லை.

நியூசிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 2009-ல் அங்குள்ள விவசாயிகள் கம்பளி லெவியே வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 2014-ல் மீண்டும் கொண்டுவரலாமா என்று கேட்டபோதும் பெரும்பான்மை வேண்டாம் என்றது. தடித்த கம்பளிக்கு விலை இல்லாத நேரம், அவர்கள் நிலைமை அது. ஆனால் போவனை அனுப்பிய நாட்டில், கத்தரிப்புப் பயிற்சியை மறுபடி நிமிர்த்த அரசிடம் போய் நிற்க வேண்டி வந்தது.

ஆஸ்திரேலியா மட்டும் முன்யோசனையோடு இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஆண்டுதோறும் நியூசிலாந்திலிருந்து வரும் கத்தரிப்பாளர்களை நம்பியே பல பண்ணைகள் ஓடின. 2020-ல் கோவிட் எல்லையை மூடியதும் ஆள் தட்டுப்பாடு. அப்புறம்தான் அவசர அவசரமாகப் பயிற்சி முகாம்களுக்குக் கூடுதல் பணம் வந்தது. வந்தது நல்லதே. ஆனால் நல்ல கத்தரிப்பாளர் ஒருவர் உருவாக ஓரிரு வருடம் வேண்டும்.

மேல்படிப்பின் கதையும் இதேதான். சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கம்பளிக்கென்றே ஒரு துறை இருந்தது, மூடிவிட்டார்கள். இன்று ஆஸ்திரேலியக் கம்பளிக் கல்வி அறக்கட்டளை மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. ஆஸ்திரேலியன் வூல் இன்னொவேஷனின் கிளையான வூல்மார்க் இணையத்தில் பாடங்களை இலவசமாகப் போட்டிருக்கிறது. இந்திய மில்களில் இருக்கும் நண்பர்களுக்கு அதைத் தாராளமாகச் சொல்வேன். 2022 டிசம்பரில் இந்தியா ஆஸ்திரேலியக் கம்பளி மீதான 2.5 சதவீதச் சுங்க வரியை நீக்கிவிட்டது. ஆகவே பஞ்சு மட்டுமே தெரிந்த நம் ஆட்களுக்கும் கம்பளி தெரிந்தால் வேலை உண்டு. ஆனால் ஆட்டைப் பிடிப்பதையும் ரோமத்தைத் தொட்டுப் பார்ப்பதையும் திரையில் கற்க முடியாது.

"சுருங்கிப்போகும் தொழிலுக்கு எதற்குப் பள்ளிக்கூடம்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1970-ல் சுமார் 18 கோடி ஆடுகள் இருந்த நாட்டில் இன்று ஏழு கோடி அளவில்தான். உண்மைதான். அன்று ஷெட்டுக்கு ஷெட் ஆட்கள் நிறைந்திருந்ததால், பக்கத்தில் நின்று பார்த்தே ஒரு பையன் கற்றுக்கொள்ள முடிந்தது. இன்று அந்தப் பக்கத்து ஆள் இல்லை. ஆடு குறையக் குறைய முறையான பயிற்சியின் தேவை கூடுகிறது.

தனியாக ஒதுக்கும் பணத்தில் முதல் செலவு பயிற்றுநர்களின் சம்பளமாக இருக்க வேண்டும் என்பேன். முப்பது வருடம் கத்தரித்து, முதுகு இனி ஒத்துழைக்காது என்று ஒதுங்கியவர்கள் கிராமத்துக்குக் கிராமம் இருக்கிறார்கள். ஒரு வார முகாமுக்குக் கூப்பிட்டு அனுப்பிவிடுவதால் அவர்களுக்கும் பிழைப்பில்லை, கற்பவருக்கும் கை நேராவதில்லை. அவர்களை முழு வருடச் சம்பளத்தில் வைத்து, புதியவர் வேலைக்குச் சேர்ந்த ஷெட்டுக்கே அனுப்புங்கள். முதல் ஆறு மாதம் புதியவரின் கூலிக் குறைவையும் அதே நிதி ஈடுகட்டட்டும்.