அம்மாவின் வேண்டுதல்

போன வியாழக்கிழமை நாகூர் தர்காவில் அம்மா நிற்கும் படத்தைப் போட்டதும் அவர் அங்கே போனதைக் கண்டித்து அதன் கீழே என்னென்ன எழுதினார்கள் என்று பார்த்திருப்பீர்கள். பாதியை நீக்கிவிட்டேன். மனதிலிருந்து நீங்கவில்லை.

என் அம்மா யாரைக் கும்பிட வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

அப்பா வண்டியிலிருந்து விழுந்து, காலில் கம்பி வைத்து, ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். "எஜமானே, இவரை நடக்க வை, கூட்டிக்கிட்டு வர்றேன்" என்று அம்மா வேண்டிக்கொண்டார். அப்பா நடந்தார். தர்கா வாசல் கடையில் கால் உருவம் பதித்த தகடு ஒன்று வாங்கினோம். விரல் நீளம்கூட இருக்காது. அதை முந்தானையால் துடைத்து, அப்பாவின் முழங்காலில் ஒருமுறை வைத்து எடுத்த பிறகுதான் உள்ளே கொண்டுபோனார். நான் படம் எடுத்தது அப்போதுதான்.

'படித்த நீயே மூடநம்பிக்கையை வளர்க்கலாமா' என்கிறார் ஒருவர். சரி, கேட்க வேண்டிய கேள்விதான். மருந்தை நிறுத்தச் சொல்லி மந்திரித்த தண்ணீர் கொடுப்பவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அம்மா ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆபரேஷனுக்கு வளையலை அடகு வைத்தவரும் அவர்தான்.

'இந்துவுக்கு அங்கே என்ன வேலை' என்பதைத்தான் தாங்க முடியவில்லை. நாகூரில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். அங்கே மொட்டை போட்டுக் குளத்தில் முங்கி எழுபவர்களில் எத்தனை பேர் நெற்றியில் விபூதி வைப்பவர்கள் என்று போய்ப் பாருங்கள். இதே அம்மா வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு விளக்கேற்றாமல் காபிகூடக் குடிக்க மாட்டார். 'அவர்கள் நம் கோயிலுக்கு வருவார்களா' என்று கேட்கிறீர்கள். அம்மா கணக்குப் பார்த்துக் கும்பிடவில்லை. புருஷன் எழுந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

இதை எழுதியவர்களில் ஒருவர் அம்மா கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவர். அந்த ஏழு மாதத்தில் ஒருநாள்கூட அப்பாவை எட்டிப் பார்க்கவில்லை. அப்போது வராத அக்கறை ஒரு படத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது.

நேற்று ராத்திரி அம்மா என் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "நான் ஏதும் தப்பு செஞ்சிட்டேனாப்பா?"

68 வயதில் அவரை இப்படிக் கேட்க வைத்துவிட்டீர்கள். படத்தை நான் நீக்க மாட்டேன்.