1997ஐச் சொன்னவர் 1999ஐ ஏன் சொல்லவில்லை?

பரிணாமம் பொய் என்று ஒருவர் மேடையில் பேசும் அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். முழுதாகப் பார்த்துவிட்டேன். "கோழி இறக்கையில இருக்கிற மூணு விரலை எண்ணத் தெரியல, இவங்கதான் நமக்குப் பரிணாமம் சொல்லித் தர்றாங்க" என்று அவர் சொன்னதும் அரங்கமே கைதட்டுகிறதே, அந்த இடத்தையும் பார்த்தேன். கைதட்டியவர்களில் என்னிடம் விலங்கியல் படித்த முகங்களும் தெரிந்தன. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன முரண்பாடு உண்மை: கட்டைவிரலை 1 என்று வைத்து எண்ணினால், பறவை இறக்கையின் மூன்று விரல்கள் 1, 2, 3 என்கிறது புதைபடிவம், 2, 3, 4 என்கிறது கரு. பறவைகளின் மூதாதையரான டைனோசர்களின் புதைபடிவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கையின் வெளிப்பக்க விரல்கள்தான் தேய்ந்துகொண்டே வருகின்றன. சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஹெரராசாரஸுக்கு ஐந்து விரல்களின் எலும்பும் இருக்கிறது, ஆனால் நான்காவதும் ஐந்தாவதும் சூம்பிப்போயிருக்கின்றன. பிறகு வந்த டைனோனிகஸுக்கும் ஆதிப் பறவையான ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கும் மூன்றே விரல்கள். அந்த மூன்று விரல்களில் உள்ள எலும்புத் துண்டுகளின் எண்ணிக்கை முறையே 2, 3, 4. இது பழைய ஐந்து விரல் கையின் முதல் மூன்று விரல்களோடு அப்படியே பொருந்துகிறது. ஆகவே பறவையின் விரல்கள் 1, 2, 3 என்றார்கள் புதைபடிவக்காரர்கள்.

கருவைப் பார்ப்பவர்களுக்கு வேறு கணக்கு வந்தது. ஐந்து விரல் விலங்குகளின் கருவில் பொதுவாக நான்காம் விரலின் குருத்தெலும்புதான் முழங்கை எலும்பின் நேர்கோட்டில் முதலில் திரள்கிறது. கோழிக் கருவின் இறக்கையில் அந்த இடத்தில் வருவது மூன்று விரல்களில் கடைசி விரல். அப்படியானால் அவை 2, 3, 4. ஆன் பர்க்கும் ஆலன் ஃபெடுசியாவும் ஆமை, முதலை இனம், பறவை ஆகியவற்றின் கருக்களை ஒப்பிட்டு 1997இல் சயின்ஸ் இதழில் எழுதியது இதைத்தான்.

அவர் இங்கே நிறுத்தினார். சரியாக இங்கேதான் கைதட்டல்.

1999இல் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னாரா? யேல் பல்கலைக்கழகத்தின் குந்தர் வாக்னரும் ஜாக் கோத்தியரும், ஒருவர் கருவளர்ச்சி ஆள், மற்றவர் புதைபடிவ ஆள், சேர்ந்து உட்கார்ந்து இரண்டு தரப்பும் சரியாக இருக்க முடியும் என்று காட்டினார்கள். குருத்தெலும்பு எந்த இடத்தில் முளைக்கிறது என்பது ஒன்று. அது எந்த விரலாக வளர்கிறது என்பது வேறு. கதவிலக்கம் 2தான், ஆனால் உள்ளே குடியிருப்பவர் ஒன்றாம் வீட்டுக்காரர். இதுதான் இடமாற்றக் கருத்து. இது வெறும் சமாளிப்பு என்று யாரும் சொல்லலாம். ஆனால் இதைச் சோதித்துப் பார்க்க முடியும், பார்த்தும் விட்டார்கள்.

2005இல் வர்காஸும் ஃபாலனும், கருவில் எந்த உறுப்பு எங்கே வளர வேண்டும் என்று வழிநடத்தும் ஹாக்ஸ் மரபணுக்களைப் பார்த்தார்கள். எலியின் கட்டைவிரலிலும் கோழிக் காலின் முதல் விரலிலும், வளர்ச்சியின் பிற்கட்டத்தில் ஹாக்ஸ்-டி13 வேலை செய்யும், ஹாக்ஸ்-டி12 வேலை செய்யாது. மற்ற விரல்களில் இரண்டும் வேலை செய்யும். கோழி இறக்கையின் முதல் விரலில்? டி13 இருக்கிறது, டி12 இல்லை. இடம் இரண்டாவது, நடத்தை கட்டைவிரலுடையது. 2011இல் ஜப்பானின் தமுரா குழு செல்களுக்கு அடையாளமிட்டுத் தொடர்ந்து போனது. கோழிக் காலின் நான்காம் விரல், கால் வளரும் மொட்டின் பின்விளிம்பில் இருக்கும் சமிக்ஞைப் பகுதியின் செல்களிலிருந்து உருவாகிறது. இறக்கையின் கடைசி விரல் அப்படி உருவாவதில்லை. அப்படியானால் அது நான்காவது அல்ல, மூன்றாவது. அதே ஆண்டு வாக்னர் குழு எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று காட்டும் விரல்களின் ஆர்.என்.ஏ-வையே படித்து, இறக்கையின் முதல் விரலும் காலின் முதல் விரலும் ஒத்துப்போவதைக் காட்டியது.

1997ஐச் சொன்னவருக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியாது என்றால் மேடை ஏறியிருக்கக் கூடாது. தெரிந்தே விட்டிருந்தால் அதற்குப் பெயர் பொய். பாதியில் நிறுத்திக்கொண்டால் எந்தத் துறையையும் முட்டாள்கள் கூட்டமாகக் காட்டிவிடலாம்.

இதே கேள்வியை நான் எம்.எஸ்சி. படிக்கும்போது வகுப்பில் கேட்டேன். ஆய்வகத்தில் முட்டை ஓட்டில் சின்னச் சதுரம் வெட்டி, சவ்வை விலக்கி, கருவை வெளியே எடுத்து நீலச் சாயம் ஏற்றியிருந்தோம். தசை எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிந்த பிறகு, குருத்தெலும்பு மட்டும் நீலக் கோடுகளாகத் தெரியும். இறக்கையில் மூன்று கோடுகள். அப்போதுதான் கேட்டேன், "இது ஒண்ணு ரெண்டு மூணா, ரெண்டு மூணு நாலா சார்?" பேராசிரியர் ஸ்லைடைக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பதிலை நானாகத் தேடி, நகலெடுத்து, அகராதி வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்படிப் பாடுபட்டுச் சேர்த்த ஒன்றைத்தான் இவர் ஒரு வரிக் கிண்டலாக்கிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறார்.

"ஃபெடுசியா பெரிய விஞ்ஞானி, அவரே மறுக்கிறாரே" என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபெடுசியா மறுப்பது பறவைகள் டைனோசர்களிடமிருந்து வந்தன என்பதை. அவை வேறொரு பழைய ஊர்வன மூதாதையிலிருந்து பரிணமித்தவை என்பது அவர் கட்சி. பரிணாமமே நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. அவர் வாயில் அதைத் திணிப்பது அவருக்கும் செய்யும் அநியாயம்.

"மதத்தைச் சீண்டாதீர்கள்" என்பவர்களுக்கு: நான் சீண்டவில்லை. அடுத்து.

"இன்னும் முழு முடிவு வரவில்லையே" என்று ஒரு நண்பர் மரியாதையாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆமாம், வரவில்லை. சீனாவின் சின்ஜியாங்கில் கிடைத்து 2009இல் விவரிக்கப்பட்ட லிமூசாரஸ் என்ற டைனோசரின் முதல் விரல் தேய்ந்திருந்தது. அதை வைத்துப் புதைபடிவ ஆய்வாளர் ஷூ ஷிங்கின் குழு 2, 3, 4 என்ற பக்கமே வாதாடியது. 2011இன் ஆர்.என்.ஏ ஆய்விலும் முதல் விரல்தான் தெளிவாகப் பொருந்தியது, மற்ற இரண்டும் அவ்வளவு தெளிவாகப் பொருந்தவில்லை. 2019இல் வந்த ஆய்வு இன்னும் மேலே போனது: எல்லா நான்கு கால் விலங்குகளுக்கும் பொதுவான விரல் அடையாளம் என்று ஒன்று இருக்கிறதா என்பதையே சந்தேகித்தது. பறவை இறக்கையில் இடமாற்றம் நடந்தது, ஆனால் வரம்புக்குட்பட்ட அளவில் என்றது. கவனியுங்கள், இதை எழுதியவர்களில் 1999இல் இடமாற்றக் கருத்தைச் சொன்ன அதே வாக்னரும் ஒருவர். தன் கருத்தைத் தானே சோதித்து எல்லை போடுகிறார். இதைக் கிண்டல் செய்ய எப்படி மனம் வருகிறது?

"ஒரு கோழி விரலுக்கா இவ்வளவு கோபம்?" கோபம் விரலுக்காக இல்லை. திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வந்து, "அப்போ நாம படிக்கிறதெல்லாம் சும்மாவா மேடம்?" என்று கேட்டாள். கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து படிக்கும் பெண், வீட்டில் படித்த முதல் ஆள். இந்த ஆய்வுகளைத் தமிழில் சொல்ல ஆளில்லை, ஆங்கிலத்தில் படிக்க அவளுக்கு இன்னும் நாளாகும். அந்த இடைவெளியில்தான் இவர்கள் மைக் பிடிக்கிறார்கள். நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு 1999ஐயும் சொல்லியிருக்கலாமே?

வரும் வாரம் வகுப்பில் அந்தக் காணொளியையே போடப்போகிறேன். அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து நான் தொடர்கிறேன். கூட்டம் நடத்தியவர்கள் இதைப் படித்தால், அதே மேடையில் எனக்கு அரை மணி நேரம் தரட்டும். வருகிறேன். அவரும் எதிரில் உட்காரட்டும்.