எடிட் பட்டன் என்ன அழகுக்கா இருக்கு?

நேற்று ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்துவிட்டது. பதறாமல் ஆபீஸ் விக்கியை (எல்லோரும் சேர்ந்து எழுதித் திருத்தும் குறிப்புத் தளம்) திறந்து தேடினால் ஒரே விஷயத்துக்கு நாலு பக்கம்: ஒன்று வெறும் தலைப்போடு, ஒன்று "புதியது", ஒன்று "புதியது 2", நாலாவது "இதையே பார்க்கவும்". சரி, அதையே பார்த்தேன். முதல் படியில் எந்த மெஷினுக்குள் போகச் சொல்கிறதோ அந்த மெஷினே இப்போது இல்லை. கடைசியாகத் திருத்தியது 2019-இல். திருத்தியவர் வேலையை விட்டுப் போயே பல வருஷம் ஆகிறது.

வேறு வழியில்லாமல் குரூப் சாட்டில் கேட்டேன். இரண்டே நிமிஷத்தில் ஒரு சீனியர், "அந்தப் பக்கத்தைப் பார்க்காதப்பா, அது தப்பு" என்று சொல்லிவிட்டு, சரியான வழியை 12 வரியில் அனுப்பினார். சர்வர் எழுந்தது, அதற்கு நன்றி. ஆனால் காலையில் சாட்டை மேலே தள்ளிப் பார்த்தால், நாலு மாசத்துக்கு முன்னால் வேறொருவர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார், இதே மனிதர் இதே 12 வரியை அனுப்பியிருக்கிறார்! தப்பு என்று தெரிகிறது, சரி எது என்றும் தெரிகிறது, அதைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தில் ஒட்ட மட்டும் கை வரவில்லை. கேட்டால் "அது நான் எழுதின பக்கம் இல்லையே" என்கிறார். யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்பதுதானே ஐயா விக்கியே? பழைய வடிவமெல்லாம் அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றில் பத்திரமாகக் கிடக்கிறது, சொதப்பினால் அப்படியே மீட்டுவிடலாம், அப்புறம் என்ன பயம்?

1995-இல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை வெளியிட்டபோது, ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய "விக்கி விக்கி" பஸ்ஸை நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். ஹவாய் மொழியில் அதற்கு வேகம் என்று அர்த்தம். எங்கள் ஆபீஸில் தமிழ் அர்த்தத்தில் விக்கி நிற்கிறது. எடிட் பண்ண அனுமதி வேண்டுமென்றால் டிக்கெட் (அதாவது ஆபீஸ் சிஸ்டத்தில் ஒரு கோரிக்கை) போட வேண்டும், மேனேஜர் ஒப்புதலுக்கு மூன்று நாள். அதே மேனேஜர்தான் மீட்டிங்குக்கு மீட்டிங் "எல்லாத்தையும் டாக்குமென்ட் பண்ணுங்க" என்று பாடம் எடுக்கிறார். (அவருடைய விவரமெல்லாம் அவர் லேப்டாப்பில் ஒரு எக்செல் ஃபைலில் தூங்குகிறது, அது வேறு கதை.)

டிக்கெட் போட்டாயிற்று. அதுவரைக்கும் அந்த 12 வரி என் நோட்பேடில்தான் இருக்கிறது. ஆக, இப்போது ஐந்தாவது பிரதியும் தயார், அதுவும் என் கண்ணுக்கு மட்டும்.