‘சிவப்பு பலூன்’ வாங்கிய ஆஸ்கர் எது?

பிரெஞ்சு இயக்குநர் ஆல்பர் லாமோரிஸின் ‘சிவப்பு பலூன்’ (1956) என்ற குறும்படம் சிறந்த குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது என்று சொல்லப்படுவதுண்டு. பலரும் அப்படியே பகிர்வதால் ஒரு சின்னத் திருத்தம். அது ஆஸ்கர் வாங்கியது உண்மைதான், ஆனால் சிறந்த அசல் திரைக்கதைக்காக. இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் ‘லா ஸ்ட்ராடா’ படமும் அதே பிரிவில் போட்டியிட்டது. சற்று நீளமான குறும்படங்களுக்கான ‘இரண்டு ரீல்’ பிரிவில் அந்த ஆண்டு வென்றது ‘தி பெஸ்போக் ஓவர்கோட்’ என்ற பிரிட்டிஷ் படம்.

குறும்பட விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது பிரான்சின் கான் திரைப்பட விழாவில், 1956இல். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரிபார்க்க, ஆஸ்கர் அகாடமியின் இணைய விருதுத் தரவுத்தளத்தில் 1956 (29ஆவது) என்பதைத் தேர்ந்தெடுத்து, எழுத்துப் பிரிவைப் பாருங்கள். விழா நடந்தது 1957 மார்ச்சில் என்பதால் சிலர் 1957 என்று தேடுவார்கள். அதில் அடுத்த விழாவின் பட்டியல்தான் வரும்.

இந்த வேறுபாடு முக்கியம் என்றே நினைக்கிறேன். 34 நிமிடப் படம், வசனம் மிகக் குறைவு. விளக்குக் கம்பத்தில் ஏறி பலூனின் கயிற்றை அவிழ்க்கும் சிறுவன், பஸ்ஸில் ஏற்ற மறுத்ததும் பலூனோடு ஓடுவது, பிறகு அதுவே அவன் பின்னால் வருவது என்று எல்லாமே செயலாகவே எழுதப்பட்டிருக்கிறது. முழுநீளப் படங்களோடு மோதி வென்றது அந்த எழுத்துதான்.