மூணு மணி நேரக் கல்யாணக் கேசட்டின் பக்கம் நின்று

இப்போதெல்லாம் கல்யாணம் முடிந்த சில நாளில் நாலு நிமிஷ ‘சினிமாட்டிக்’ வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் சேலை பறக்கிறது, மாப்பிள்ளை கூலிங் கிளாஸோடு மெதுவாகத் திரும்புகிறார், அரிச்சல்முனையில் சூரியன் உதிக்கிறது. முடிந்தது. சொந்தக்காரர் ஒருத்தரைக்கூடக் காணோம். பழைய மூணு மணி நேரக் கேசட்டுக்கு இது எவ்வளவோ மேல் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் மண்டபம், பாம்பன் ஊர்ப் பக்கத்துக்கு அந்த மூணு மணி நேரத்தைக் கொண்டுவந்தது ஒரு சின்ன வீடியோக் கடை. பெயர் வேண்டாம், கடைக்கார அண்ணனுக்குப் பிடிக்காது. கேசட் போட்டுப் பார்க்கிற டெக்கும் (விசிஆர்) கலர் டிவியும் வாடகைக்கு விட்டுத்தான் ஆரம்பித்தார். ஆன்டனாவைக் கடல் பக்கம் திருப்பி இலங்கை ரூபவாஹினி பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் தீவுக்குப் போக ரயில்தான். பாலம் வந்ததும் டெக்கு, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று போய்வர ஆரம்பித்தார். அப்புறம்தான் கேமரா. தோளில் வைக்கிற பானாசோனிக், முழு விஎச்எஸ் கேசட்டே அதற்குள் போகும்.

கடலோரத்தில் இந்தத் தொழிலுக்கு எதிரி ஈரக்காற்று. ஈரம் ஏறினால் கேமரா ‘டியூ’ (பனி ஈரம்) என்று காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். முகூர்த்த நேரம் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. பெரியவர்கள் ஒரு பக்கம் சத்தம் போட, அண்ணன் கேமராவை ஹாலஜன் விளக்குப் பக்கத்தில் வைத்துக் காயவிட்ட கதையெல்லாம் உண்டு. கடையில் கேமரா வைக்கிற பீரோவுக்குள் ஜீரோ வாட் பல்பு ராப்பகலாக எரியும், லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க. மிக்சிங்குக்கு மதுரை போக வேண்டும். ரோஜாப்பூ விரிந்து அதற்குள் பொண்ணு மாப்பிள்ளை முகம் வருமே, அதெல்லாம் அங்கே செய்ததுதான்.

மூணு மணி நேரம் என்பது யாரும் உட்கார்ந்து தீர்மானித்த கணக்கு இல்லை. இ-180 கேசட் 180 நிமிஷம் ஓடும். காசு கொடுத்து வாங்கிய டேப்பைப் பாதியில் விட யாருக்கு மனசு வரும்? அதனால் பந்தியை எடுத்தார்கள். லைட் பையன் முன்னால், கேமரா பின்னால், இலை இலையாக. வாயில் சோற்றோடு முழிக்கிற மாமா, ‘என்னைய எடுக்காதப்பா’ என்று குனிகிற பெரியம்மா. நாம் விழுந்து விழுந்து சிரித்தது இந்தப் பந்தி சீனைப் பார்த்துத்தான். மொய் சண்டையில் ‘உங்காளு வந்தாரா, கேசட்டைப் போடு பார்ப்போம்’ என்று சாட்சிக்கும் உதவியது, அது வேற விஷயம்.

கீழக்கரைக்கு ஒரு காப்பி எப்போதும் கூடுதலாகப் போடுவார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காத சபராளி காக்கா (வெளிநாட்டில் சம்பாதிக்கிற அண்ணன்) ஒருத்தர் துபாயில் இருப்பார். அங்கேயும் நம்மைப் போலவே ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறைதான் என்பதால் கேசட் அப்படியே ஓடும். காப்பிக்குக் காப்பி படம் மங்கும். அவருக்கு யார் யார் வந்தார்கள் என்று தெரிந்தால் போதும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அந்தக் காலத்தில் வீடியோ வைக்க எத்தனை வீட்டுக்கு வசதி இருந்தது? சம்மாட்டி (படகு முதலாளி) வீட்டுக் கல்யாணத்துக்குக் கேமரா வரும். அவர் படகில் கூலிக்குப் போகிறவர், பாசி எடுக்கிற அக்காமார், ஐஸ் உடைக்கிற பையன், இவர்கள் எல்லாம் நடமாடுகிற படம் அடுத்தவர் வீட்டுப் பந்தியில்தான் இருக்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் மகள் ஒருத்தி கடைக்கு வந்து, ‘அந்த வீட்டுக் கேசட் இருக்குமாண்ணே, எங்கப்பா அதுல சாப்பிடுறாராம்’ என்று கேட்டதாக அண்ணன் சொன்னார். நாலு நிமிஷத்தில் அவருக்கு எங்கே இடம்?

மினி டிவி (DV) கேசட், சிடி, டிவிடி எல்லாம் வந்து போய், இப்போது கடையை நடத்துவது அண்ணன் மகன். கெட்டிக்காரன். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமான ஐஎன்எஸ் பருந்து இருப்பதால் ட்ரோன் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருப்பான். ‘சித்தப்பா, மூணு மணி நேரம் குடுத்தா யாரு பாக்குறா?’ என்கிறான். நியாயம்தான், இன்றைக்கு யாரும் பார்க்கப்போவதில்லை. அவனிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாலு நிமிஷத்தைக் கொடு, கூடவே வெட்டாத முழு ஃபுட்டேஜையும் ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டுக் கல்யாண வீட்டில் கொடு. கார்டு காலியாக வேண்டும் என்று அழித்துவிடாதே. அப்புறம், பந்திக்கு ஒரு ஆளை அனுப்பு.

பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு: விசிஆர் தயாரித்த கடைசிக் கம்பெனியான ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. அண்ணனிடம் ஓடுகிற டெக் ஒன்றுதான் மிச்சம், அதில் டேப்பைப் படிக்கிற ஹெட் போனால் மாற்று கிடைப்பது கஷ்டம். கேசட்டை டிஜிட்டலாக மாற்றுவதாக இருந்தால் சீக்கிரம் கொண்டு வாருங்கள். கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்து, டேப்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வீட்டு டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டாம். அந்தப் பூஞ்சை ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடுகிற கேசட்டுக்கும் போகும். ‘தாலி கட்டுறது மட்டும் போதும், மிச்சத்தை வெட்டிடுங்க’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். முழுசாக மாற்றினாலும் அண்ணன் வாங்குவது அதே காசுதான், கேட்டுவிட்டேன்.