லீவில் வந்தவரிடம் நாம் என்ன கேட்கிறோம்?

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் வந்தது 2009இல். இத்தனை வருஷம் ஆகியும் அங்கிருந்து ஹெலிகாப்டர் கிளம்பினால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வந்து கையாட்டுவார்கள். பெரியவர்களும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். பட்டாளம் என்றால் நமக்கு அப்படி ஓர் ஆசை. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆசையில் லீவுக்கு வந்த மனுஷனிடம் நாம் கேட்கிற கேள்விகள் இருக்கின்றனவே, அவைதான் எனக்கு உறுத்துகின்றன.

நான் ஐந்தாவது படிக்கும்போது ராணுவத்தில் இருந்த சித்தப்பா லீவில் வந்தார். கறுப்பு ட்ரங்க் பெட்டியைத் திண்ணையில் இறக்குவதற்குள் வாசல் நிறைய ஆள். "ஏப்பா, எத்தனை பேரைச் சுட்ட?" என்றார் ஒரு பெரியவர். "பாட்டில் கொண்டு வந்தியா?" என்றார் இன்னொருவர். சித்தப்பா தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். சித்தி நகரை மீன் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து மீனை வாங்கித் தானே செதில் எடுக்க உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போய், "சொல்லுங்க சித்தப்பா, எத்தனை பேரு?" என்றேன். கை நின்றது. அவர் நிமிரவில்லை. மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் செதில் எடுத்தார்.

காலேஜ் முடித்த பிறகு ஒருநாள் வேறொன்று கேட்டேன். "அங்க தண்ணிக்கு என்ன செய்வீங்க?" நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலைகிற ஊரில் பிறந்தவனுக்கு அதுதானே முதலில் தோன்றும். அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினார். சியாச்சினில் மூன்று மாதம் இருந்திருக்கிறார். 1984இல் நம் ராணுவம் ஏறிய பனிமலை அது. சில காவல் நிலைகள் 20,000 அடிக்கும் மேலே. குளிர்காலத்தில் மைனஸ் 50 டிகிரி வரை போகும். மண்ணெண்ணெய் அடுப்பில் பனியை உருக்கினால்தான் குடிக்கத் தண்ணீர். ஆரஞ்சுப் பழம் கல்லாகிவிடும். பசியே எடுக்காதாம். பனிக்கு அடியில் பெரிய பெரிய வெடிப்புகள் இருப்பதால் எல்லோரும் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் கை தன்னாலே இடுப்புக்குப் போனது. அந்த மலையில் குண்டு பட்டு இறந்தவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் இறந்தவர்கள்தான் அதிகம். வாசலில் அன்று நின்ற கூட்டத்தில் ஒருத்தர் இதைக் கேட்டிருந்தால்கூட அவர் கொல்லைக்குப் போயிருக்க மாட்டார்.

சித்தியிடம் யாருமே எதுவும் கேட்டதில்லை. சித்தப்பாவுக்குக் கடிதம் போட்டால் முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. நம்பர், பெயர், படைப்பிரிவு, அப்புறம் 56 ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபால் நிலைய எண், அவ்வளவுதான். புருஷன் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்றே தெரியாமல் வருஷக்கணக்காக எழுதியிருக்கிறார்.

2020 ஜூன் 15 இரவு லடாக் எல்லையில் இருக்கிற கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அதில் ஒருவர் நம்ம திருவாடானைப் பக்கம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. பிறகு அவருக்கு வீர் சக்ரா விருது கொடுத்தார்கள். அந்த வாரம் பட்டாளத்தில் பிள்ளை இருக்கிற வீடுகளில் எல்லாம், "எங்கப்பா இருக்க?" என்றுதான் போன் போனது. பெற்றவர்கள் கேட்பது வயிறு கலங்கி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த நாட்களில் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில், "தம்பி எந்த பார்டர்ல இருக்க, போட்டோ போடு" என்று எங்கள் தெருப் பையனைக் கேட்டார்களே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. படை எங்கே இருக்கிறது என்பது வெளியே போனால் அவனோடு நிற்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. அவன் பதிலே போடவில்லை. 'பெரிய ஆளாயிட்டான்' என்று அதற்கும் பேசினார்கள்.

அந்தப் பையன் ஆடி மாசம் லீவில் வருகிறான். வருஷத்துக்கு 60 நாள் லீவு, அதுபோக 30 நாள் சில்லறை லீவு. அந்த நாட்களுக்குள்தான் அவனுக்குக் கல்யாணமும் சாவும் திருவிழாவும். தயவுசெய்து சுட்ட கணக்கும் பாட்டிலும் கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டாய், பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் எந்த ஊர்க்காரன், இந்தி எப்படிப் படித்தாய் என்று கேளுங்கள். அவன் அம்மா நகரை மீனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். முதலில் அவன் சாப்பிடட்டும்.