பிறந்த அறையிலேயே வாசிக்கப்பட்ட தீர்ப்பு

மரபணுவை வைத்தே மனிதர்களைத் தரம் பிரிக்கும் ஓர் எதிர்காலத்தைக் காட்டும், 1997இல் ஆண்ட்ரூ நிக்கல் இயக்கி வெளிவந்த 'கேட்டகா' திரைப்படத்தை எத்தனை முறை பார்த்தாலும் என் மனம் அதன் பிரசவ அறைக் காட்சியிலேயே நின்றுவிடுகிறது. பிறந்து சில நொடிகளே ஆன குழந்தையின் பாதத்தில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு செவிலியர் வாசிக்கத் தொடங்குகிறார்: நரம்புக் கோளாறுக்கு 60 விழுக்காடு வாய்ப்பு, கவனக் குறைபாட்டுக்கு 89, இதயக் கோளாறுக்கு 99, எதிர்பார்க்கப்படும் ஆயுள் 30.2 ஆண்டுகள். தன் பெயரான ஆன்டனையே மகனுக்கும் வைக்க இருந்த தந்தை, அதைக் கேட்டு முடித்ததும், "வேண்டாம், வின்சென்ட் ஆன்டன்" என்று மாற்றிவிடுகிறார். ஆன்டன் என்ற பெயர் பின்னால், கருவிலேயே தேர்ந்தெடுத்துப் பெற்ற தம்பிக்குப் போய்ச் சேர்கிறது. குழந்தை இன்னும் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. அதற்குள் தகப்பனின் பெயர் கைநழுவிப் போய்விட்டது.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் வின்சென்டின் மன உறுதியைக் கொண்டாடுகிறார்கள். பிறந்ததிலிருந்து தகுதியற்றவன் என்று ஒதுக்கப்பட்டவன், வேறொருவனின் இரத்தத்தையும் சிறுநீரையும் கடன் வாங்கி, தினமும் தன் தோலைச் சுரண்டித் தடயம் அழித்து, சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனுக்குப் புறப்படும் கலத்தில் ஏறுகிறான். நானும் அதில் நெகிழ்ந்தவன்தான். ஆனால் அந்த நெகிழ்ச்சியோடு நின்றுவிட்டால், வெற்றி பெற்றதனால்தான் அவனுக்கு நீதி கேட்கும் உரிமை வந்தது என்று ஆகிவிடும். கடலில் தம்பியோடு போட்டியிட்டு நீந்தும் காட்சியில் அவன் தோற்றிருந்தாலும், அவனுக்கு இழைக்கப்பட்டது அநீதிதானே?

விண்வெளிக்குச் செல்பவரின் உடல்நிலையைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓட்டப் பரிசோதனையில் கடன் வாங்கிய இதயத்துடிப்பின் பதிவு தீர்ந்து, தன் நெஞ்சு படபடக்க வெளியேறி, உடை மாற்றும் அறையில் அவன் சரிந்து விழுவதைப் படமே மறைக்கவில்லை. இன்றைக்கு இருக்கும் இதயத்தைச் சோதித்து மறுப்பது மருத்துவம். என்றோ வரக்கூடும் என்ற கணக்கை வைத்து, விண்கலம் இருக்கட்டும், சாதாரண வேலைகளின் கதவையும் அடைப்பது பாகுபாடு. ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்லும் விழுக்காடு, அந்த ஆயிரத்தில் ஒருவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று சொல்வதில்லை.

இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் நோய்க்கான மரபணுவைத் தாங்கியவர்களை, அவர்களுக்கு அந்த நோயே இல்லாதபோதும், அமெரிக்க விமானப்படை அகாதமி 1981 வரை சேர்க்க மறுத்தது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள். அந்த நாட்டில் 2008இல் வந்த மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வேலைவாய்ப்பையும் மருத்துவக் காப்பீட்டையும் காக்கிறது. ஆயுள் காப்பீட்டை இன்றும் அது தொடவில்லை.

படத்தின் முடிவில், கலம் ஏறும் முன் எதிர்பாராத ஒரு சிறுநீர்ப் பரிசோதனை வருகிறது. வின்சென்டிடம் அன்று கடன் வாங்கிய மாதிரி இல்லை. திரையில் அவனுடைய உண்மை அடையாளமே வந்து நிற்கிறது. எதிர்பார்த்தபடி அமையாத தன் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டே, பரிசோதனை செய்யும் மருத்துவர் முடிவை மாற்றிப் பதிந்து, நேரமாகிறது, கிளம்பு என்று அவனை அனுப்பி வைக்கிறார்.